கிருபைக்கு எடை போடுகிறவர்கள்

நீலகிரிக்குக் கூட்டம் நடத்த வருகிற பிரசங்கியார் உவமை தேடி அலைய வேண்டியதில்லை. பைக்காரா கண்முன்னால் இருக்கிறது. முக்கூர்த்திப் பக்கத்து மலைகளில் பிறந்து வடக்கே ஓடிவரும் ஆறு, அதை மறித்த அணை, கிளன்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு மூவாயிரம் அடி இறங்கும் இரும்புக் குழாய்கள், அடிவாரத்தில் 1932இல் ஓடத் தொடங்கிய மின் நிலையம். இவ்வளவும் கையில் இருந்தால் பிரசங்கம் தானாகவே நடக்கும். தண்ணீரைக் கொடுத்தவர் தேவன், ஆனால் குழாய் போட்டவன் மனிதன் அல்லவா? மழை எவ்வளவு பெய்தாலும் குழாய் போடாத ஊருக்கு வெளிச்சம் வருமா? கிருபையும் அப்படித்தான், அது பொழிந்துகொண்டே இருக்கிறது. உபவாசம், முழு இரவு ஜெபம், தவறாத தசமபாகம், கறையில்லாத நடத்தை என்று நீங்கள் குழாய் போட்டால்தான் உங்கள் வீட்டில் விளக்கெரியும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டாமல் இருப்பது கடினம், ஏனென்றால் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் மனத்துக்குள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதைத்தான் இந்த உவமை திருப்பிச் சொல்கிறது. நாம் செய்கிறதைப் பொறுத்தே தேவன் நம்மை நடத்துகிறார்; நம் பங்கை நாம் முடித்தால் அவர் பங்கை அவர் முடிப்பார். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று வழிபாட்டில் ஆயிரம் வேற்றுமை இருந்தாலும், இந்த ஒரு நம்பிக்கையில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த பெஞ்சுதான் தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

தனக்குத் தானே உதவிக்கொள்கிறவனுக்கே தேவன் உதவுகிறார் என்ற வாக்கியத்தை வேத வசனம் என்றே நம்பி மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை தேடினாலும் அது கிடைக்காது. ஈசாப்பின் கதைகளில் அதன் கரு இருக்கிறது: சேற்றில் சிக்கிய வண்டிக்காரன் சும்மா நின்று ஹெர்குலிஸைக் கூப்பிட, முதலில் சக்கரத்துக்குத் தோள் கொடு என்று அந்தத் தெய்வம் கண்டிக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1736இல் வெளியிட்ட பஞ்சாங்கத்தில் அதைப் பழமொழியாக அச்சிட்டார். கிரேக்கக் கதையிலிருந்து அமெரிக்கப் பஞ்சாங்கத்துக்குப் போய், அங்கிருந்து நம் பிரசங்க மேடைக்கு வந்து, வரும் வழியில் வேத வசனத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்ட வாக்கியம் அது. பிழைப்புக்கு அது நல்ல அறிவுரைதான். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவனைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. கேள்வி வேறு: தேவன் ஒருவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது எதை வைத்து?

இந்தக் கேள்விக்குத் திருச்சபை பதில் சொல்லி வெகு காலம் ஆகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் பெலாகியுஸ் என்ற துறவி, மனிதன் மனம் வைத்தால் தேவ கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும், ஆகவே கைக்கொள்ள வேண்டும் என்று போதித்தார். அவர் ஒழுக்கக் கேடர் அல்லர்; பெயரளவுக் கிறிஸ்தவர்களின் சோம்பலைக் கண்டு கொதித்தவர். இன்றைக்கு நம்மிடையே இருந்திருந்தால் மிகவும் விரும்பப்படும் கன்வென்ஷன் பேச்சாளராக இருந்திருப்பார். ஆனால் அகஸ்டின் அவரை எதிர்த்து எழுதினார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அந்தப் போதனையைத் தள்ளினார்கள். தொடக்கம் மட்டும் மனிதனுடையது, மீதி தேவனுடையது என்ற நடுவழியை 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய மன்றமும் தள்ளியது. நீ ஓர் அடி எடுத்து வைத்தால் அவர் பத்து அடி எடுத்து வைப்பார் என்று இன்று ஒலிபெருக்கியில் கேட்பது இந்த நடுவழியேதான். லூத்தர் இதற்காகவே போப்போடு மோதினார் என்பது பள்ளிப் பாடம். ஆனால் லூத்தருக்கு எதிராகக் கூடிய திரெந்து பொதுச்சங்கமும், 1547இல் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி வெளியிட்ட தீர்ப்பின் முதல் விதியிலேயே, கிருபையின்றித் தன் சொந்தச் செயல்களால் ஒருவன் தேவனுக்கு முன் நீதிமானாக முடியும் என்போரைச் சபித்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது, நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அன்றிக் கிருபையாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டன. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு முதல் இன்றைய சி.எஸ்.ஐ. வரை, தமிழ் மண்ணில் வேரூன்றிய எந்தத் திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்திலும் குழாய் போடும் கோட்பாடு எழுதப்படவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் எல்லோரும் கீழ்ப்படிகிறார்கள்.

எழுதப்பட்டது என்ன என்று பார்ப்போம். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்துக் கடைசி வசனம் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பாறைகளிலும் வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பாவம் என்ன சம்பளம் கொடுக்கும் என்று சொல்லும் முதல் பாதி பெரும்பாலும் சுவர் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் பாதிக்கு இடம் இருப்பதில்லை. வசனத்தின் கூர்மையோ அந்த இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதில்தான் இருக்கிறது. முதல் பாதியில் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் போர்வீரனுக்கு அளக்கும் படி, கூலி. இரண்டாம் பாதியில் வருவது ஈவு, கைம்மாறு கேட்காத கொடை. நீதிக்குச் சம்பளம் ஜீவன் என்று எழுதியிருந்தால் வாக்கியம் சமச்சீராக இருந்திருக்கும். பவுல் வேண்டுமென்றே அந்தச் சமச்சீரை உடைத்தார். பாவத்துக்கு மட்டும்தான் சம்பளம் உண்டு. நான்காம் அதிகாரத்தில் இதையே சட்டம் போல வைக்கிறார்: வேலை செய்கிறவனுக்குக் கிடைப்பது கடனாகக் கொடுக்க வேண்டிய கூலி, அதைக் கிருபை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதாவது நாம் உபவாசம் இருந்ததால் கிருபை கிடைத்தது என்ற வாக்கியம் இலக்கணப்படியே தவறு. கிடைத்தது கூலியாக இருந்தால் அது கிருபை அல்ல. கிருபையாக இருந்தால் உபவாசத்தால் கிடைக்கவில்லை.

வரிசையையும் கவனிக்க வேண்டும். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற செய்தி ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் வருகிறது. விருத்தசேதனம் பதினேழாம் அதிகாரத்தில். மகனைப் பலிபீடத்தில் கிடத்தியது இருபத்திரண்டில். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு செய்ததெல்லாம் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கான விலையாக இருக்க முடியாது. யாத்திராகமத்திலும் இதே வரிசை. பத்துக் கட்டளைகள் இருபதாம் அதிகாரத்தில்தான் வருகின்றன. அதற்கு முன்பே இஸ்ரவேலர் செங்கல் சூளையை விட்டு வெளியேறி, செங்கடலைக் கடந்து, மன்னாவைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். கட்டளைகளைச் சொல்லத் தொடங்குமுன் கர்த்தர் முதலில் தான் அவர்களை விடுவித்ததை நினைவூட்டுகிறார். அடிமைகளிடம் போய், இந்தப் பத்தையும் ஒரு வருஷம் கைக்கொண்டு காட்டுங்கள், பிறகு எகிப்திலிருந்து கூட்டிப் போகிறேன் என்று அவர் பேரம் பேசியதாக ஒரு வரி இல்லை.

பவுல் கூலியோடு சேர்த்துச் சொன்ன கடன் என்ற சொல்லுக்கு இந்த மலையில் தனி வரலாறு உண்டு. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவு செய்தது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின, பின்னால் அவை டேன்டீ என்ற அரசு நிறுவனம் ஆயின. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தேயிலை பறிக்கும் குடும்பங்களில் பலரின் பாட்டன் பூட்டன்மார் கண்டியிலும் நுவரெலியாவிலும் ‘துண்டு’ என்ற காகிதத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்கள். ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி எல்லாம் சேர்ந்து ஆளின் தலையில் கடனாக ஏறும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார்; கடன் ஆளோடு கூடவே போகும். உழைத்தே அடைத்துவிடலாம் என்று பார்த்தால் உழைக்க உழைக்கக் கடன் வளரும். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கடனைத் தொழிலாளி கட்டி முடித்ததால் அல்ல, சீட்டே செல்லாது என்று ஆனதால் அது முடிந்தது. கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் கையில் எடுப்பது கிட்டத்தட்ட இதே காகிதம்: கடன்பட்டவன் எழுதிக் கொடுத்த கைச்சீட்டு. அது குலைக்கப்பட்டு, சிலுவையில் ஆணி அடித்து மாட்டப்பட்டது என்கிறார். துண்டு கிழிக்கப்பட்ட பிறகும் பழைய துரைக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து, என்ன நேர்மை என்று புகழ்வதா, யாராவது அவனுக்குச் செய்தி சொல்லுங்கள் என்று கத்துவதா? நம் சபைகளில் பலவும் முதலாவதைச் செய்கின்றன.

உடனே எழும் மறுப்பு பழையது, பவுலின் காலத்திலேயே எழுந்தது: கிருபையை இப்படி அள்ளி வீசினால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள். அச்சம் போலியானதல்ல. ஞாயிறு காலை கண்ணீர் விட்டுத் திங்கள் காலை கந்துவட்டிக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மறுப்பைச் சொல்கிறவர்கள் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபரைத் துணைக்கு அழைப்பார்கள். 1937இல் வெளிவந்த நூலில் மலிவான கிருபையே சபையின் கொடிய பகைவன் என்று வாதிட்டவர், 1945 ஏப்ரலில் நாஜிகளால் தூக்கிலிடப்பட்டவர். ஆனால் போன்ஹோஃபர் கடைசி வரை லுத்தரன். மலிவான கிருபைக்கு மாற்றாக அவர் வைத்தது விலையேறப்பெற்ற கிருபையைத்தான், நாம் விலை கொடுத்து வாங்கும் கிருபையை அல்ல. தேவனிடம் அவருடைய குமாரனையே விலையாகக் கேட்டது எனக்கு மலிவாக இருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் நரம்பு. மேலும் ஒன்று. பயத்தால் ஒழுங்கு வரும் என்பவர்கள் தங்கள் முறை எவ்வளவு காலமாக நடைமுறையில் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக மிரட்டியும் பேரம் பேசியும் வளர்த்த சபையில்தான் கந்துவட்டிக்காரரும் இருக்கிறார், வரதட்சணையும் இருக்கிறது, சாதி பார்த்துப் பெண் எடுப்பதும் இருக்கிறது. கிருபையைப் போதித்ததால் வந்த கேடுகள் அல்ல இவை. போதிக்காத இடத்தில் வளர்ந்தவை. கணக்கு வைத்துக்கொள்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: உபவாசத்தை வரவில் எழுதி வட்டியைச் செலவில் எழுதலாம். முழுவதையும் இலவசமாகப் பெற்றவனிடம் அப்படி ஈடுகட்ட எதுவும் இல்லை.

அடுத்தது யாக்கோபு. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று அவர் எழுதவில்லையா? எழுதினார். எங்கே எழுதினார், யாரை நோக்கி எழுதினார் என்று அந்த இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் படித்தால் தெரியும். பொன்மோதிரமும் மினுக்கான உடையும் போட்டவன் சபைக்குள் வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைப்பதும், அழுக்குத் துணியோடு வந்த ஏழையைக் காலடியில் உட்காரச் சொல்வதுமான விசுவாசத்தைத்தான் அவர் செத்தது என்கிறார். பெரிய காணிக்கை கொடுத்தவருக்கு முன்வரிசை நாற்காலியும் மேடையில் பொன்னாடையும் கொடுத்துவிட்டு, அதே மேடையிலிருந்து காணிக்கை கொடுக்காதவனை யாக்கோபைக் காட்டி அதட்டுவதைவிட வினோதம் இல்லை. பவுலும் யாக்கோபும் மோதவில்லை. எரிகிற விறகில் சூடு இருக்கும் என்கிறார் யாக்கோபு. சூட்டைக் கொண்டுவந்து ஊற்றினால் ஈர விறகு பற்றிக்கொள்ளுமா என்று கேட்கிறார் பவுல்.

மல்கியா மூன்றாம் அதிகாரத்தை விட்டுவிட்டு இந்த விவாதத்தை முடிக்க முடியாது. தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறக்கிறேனா இல்லையா என்று சோதித்துப் பாருங்கள் என்ற அழைப்பு அங்கே இருக்கிறது. இதை முதலீட்டு விளம்பரமாகப் படிப்பவர்கள் அந்தப் பண்டகசாலையில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. இருந்தது தானியம். உபாகமம் பதினான்காம் அதிகாரம் சொல்வது போல, மூன்றாம் வருஷத் தசமபாகம் ஊரிலேயே வைக்கப்பட்டு, நிலமில்லாத லேவியனும் பரதேசியும் தகப்பனில்லாத பிள்ளையும் விதவையும் வந்து தின்று திருப்தியாக வேண்டும். இது ஏழைகளுக்கான ஏற்பாடு. அதைச் சீட்டுப் பணம் போலாக்கி, ஏழையிடமிருந்து வாங்கி, இரட்டிப்பாக வரும் என்று வாக்குக் கொடுப்பது மல்கியாவைத் தலைகீழாகத் தொங்கவிடுவது. வராதபோது சொல்லப்படும் விளக்கமும் தயாராக இருக்கிறது: உன் விசுவாசம் குறைவு. எந்தச் சீட்டுக் கம்பெனிக்கும் கிடைக்காத பாதுகாப்பு இது, பணம் திரும்பாவிட்டால் குற்றவாளி பணம் போட்டவனே.

நோயாளியின் கட்டிலருகே இந்தக் கோட்பாடு இன்னும் கொடூரமாகிறது. சொஸ்தமாகாவிட்டால் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது. குடும்பத்தில் யாரோ பொருத்தனையை நிறைவேற்றவில்லை. இது கிறிஸ்தவக் குரலே அல்ல, யோபுவின் நண்பர்களின் குரல். அந்தப் புத்தகத்தின் முடிவில் கர்த்தர் கோபித்துக்கொள்வது அவர்கள்மேல்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுபோன்ற நாள்களில், அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்வி எங்காவது முணுமுணுக்கப்படுகிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியின்போது இயேசு அந்தக் கேள்வியைச் சந்தித்தார்: எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். செத்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் நடுவே நடத்தைக் கோடு போடுவதை அவர் அனுமதிக்கவில்லை. ஊழியத்துக்கும் இதே அளவுகோலை வைக்கிறார்கள், எத்தனை ஆத்துமா, எத்தனை ஞானஸ்நானம் என்று. 1840களில் கேத்தியில் தொடங்கிய பாசல் மிஷன் முதல் படகரின் ஞானஸ்நானத்துக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தது. இன்றைய அறிக்கைப் படிவங்களால் அளந்தால் கேத்தியை மூடியிருப்பார்கள்.

படித்தவர்களிடமிருந்து வேறொரு மறுப்பு வரும்: கிருபை ஒன்றே என்பது ஜெர்மானியத் துறவி ஒருவரின் மனவேதனையிலிருந்து பிறந்த சரக்கு, முயற்சியைப் போற்றும் தமிழ் மரபுக்கு ஒட்டாது, ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரமே வைத்தவர் வள்ளுவர் அல்லவா. வள்ளுவர் அங்கே பேசுவது செல்வத்தையும் செயல் முடிப்பதையும். தெய்வம் தன்னை ஏற்குமா என்று தவிப்பவனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பது, பசித்தவனுக்கு நல்ல பாய் விரிப்பது போன்றது. அருளைப் பற்றித் தமிழர் அளவுக்கு வாதாடிய மக்கள் குறைவு. தாய்க்குரங்கைக் குட்டி இறுகப் பற்றிக்கொள்வது போலவா, தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவது போலவா என்ற கேள்வியில் வைணவம் வடகலை, தென்கலை என்று பிரிந்தது. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் நிற்கும் இடங்கள் அவை. பூனைக்குட்டி என்ன குழாய் போட்டது? 1860களில் ஊட்டியில் பள்ளி நடத்திய ஜி.யு. போப், பின்னால் எண்பது வயதில், 1900இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரை அந்த நூலிடம் இழுத்தவற்றுள், தகுதியற்றவனைத் தேடி வந்து ஆட்கொள்ளும் அருள் முக்கியமானது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்துக்கு எடுத்துக்கொண்ட மூலம் பன்யனின் மோட்சப் பயணக் கதை. அந்தக் கதையில் முதுகுச் சுமையோடு புறப்பட்டவனை, நியாயப்பிரமாண மலைப் பக்கம் போ, அங்கே இறக்கிவைக்கலாம் என்று ஓர் உலக ஞானி திசை திருப்புகிறான். நெருங்க நெருங்க மலை தலைமேல் சரிந்து விழும்போல் தொங்குகிறது. சுமை கழன்று விழுவது சிலுவையடியில், கடினமான ஏற்றங்களுக்கும் யுத்தங்களுக்கும் முன்னால். இந்த மலையிலேயே, படகர்களின் இறுதிச் சடங்கில், இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவற்றை ஒரு கன்றின்மேல் சுமத்தி விரட்டிவிடும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் வியப்போடு பதிந்தார்கள். லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தை நினைத்துத்தான் அந்த வியப்பு. இவையெல்லாம் ஒன்றே என்று சொல்லவில்லை. தென்கலை ஆசாரியரும் லூத்தரும் ஒரே பெருமாளைப் பேசவில்லை. என் சுமையை நானே இறக்கிக்கொள்ள முடியாது என்ற உணர்வு கப்பலேறி வரவில்லை என்பது மட்டுமே இங்கு வாதம்.

இனிக் குழாய்க்குத் திரும்பலாம். உவமையில் ஒரு பிழை இருக்கிறது, அதைப் பைக்காராவே காட்டிக்கொடுக்கும். 1929இல் வேலை தொடங்கியபோது பாறையை உடைத்துக் குழாய் பதித்தது சென்னை மாகாண அரசு. சட்ட உறுப்பினராக இருந்த சி.பி. ராமசாமி ஐயர் முன்னின்று ஊக்கிய திட்டம் அது. மின்சாரம் போய்ச் சேர்ந்தது கோயம்புத்தூருக்கு. அங்கே மில்கள் பெருகின. சமவெளியில் விளக்கைப் போட்ட எவரும் சிங்காரா சரிவில் ஒரு கல்லைக்கூடப் புரட்டியதில்லை. உவமையில் மனிதனுக்கு இடம் வேண்டுமென்றால் அந்த வீட்டில்தான் கொடுக்க வேண்டும், பொறியாளர் நாற்காலியில் அல்ல. மழையும் தேவனுடையது, அணையும் அவருடையது, குழாயும் அவரே. ஜெபமும் உபவாசமும் வேண்டாம் என்றாகிவிடாதா என்றால், வெளிச்சம் வந்த வீட்டில் ஆள் படிப்பார், தைப்பார், சமைப்பார், நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போடுவார். இருட்டில் உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. படித்ததனால் வெளிச்சம் வந்தது என்று மட்டும் சொல்லக் கூடாது.

எல்லா மறுப்புகளிலும் கனமானது ஒன்று மிச்சம் இருக்கிறது. இது நியாயமா? ஆயுசு முழுவதும் ஒழுங்காக நடந்தவனுக்கும் கடைசி மூச்சில் மனந்திரும்பியவனுக்கும் ஒரே கிருபையா? தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு பொய் சொல்லாது. கணக்குக்கு மேல் பறித்த கிலோவுக்குக் கூடுதல் காசு. இலங்கை மலையகத்தில் கணக்குக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அன்று கிடைப்பது பாதிக் கூலி. தராசு தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் கை வேகமுள்ளவளுக்கு நியாயம் கிடைக்கிறது. மத்தேயு இருபதாம் அதிகாரத்து எஜமான் இந்தத் தராசைத் தூக்கி ஓரமாக வைக்கிறார். விடியற்காலை தொடங்கிச் சாயங்காலம் ஐந்து மணி வரை ஐந்து முறை போய் ஆள் பிடிக்கிறார். கடைசியாக நின்றவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். யாரை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று கூலி வேலைக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வயதானவரை, நோஞ்சானை, போன வாரம் தகராறு செய்தவரை. ஒரு மணி நேரம் வேலை செய்த அவர்களுக்கும் ஒரு பணம், ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாட்டுக்கான கூலி. பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் நியாயம் நிறைவேறியிருக்கும், பிள்ளைகள் பட்டினியாகப் படுத்திருக்கும். காலை முதல் உழைத்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை என்பதை எஜமான் சுட்டிக்காட்டுகிறார்; ஆகவே அவர்களுடைய புகார் தங்களுக்குக் குறைந்ததைப் பற்றியதல்ல, கடைசியில் வந்தவர்களைத் தங்களுக்குச் சமமாக்கியதைப் பற்றியது. அதை அவர்களே வாய்விட்டுச் சொல்கிறார்கள். கடைசி ஆட்களுக்கு முதலில் கூலி கொடுக்கச் சொன்னதும் அவரே. முதலில் வந்தவர்களுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தால் சண்டையே வந்திருக்காது. அவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்றே அப்படிச் செய்தார் போலிருக்கிறது. வெயிலில் நாள் முழுக்க நின்ற அவர்களிடம், உன்னுடையதை எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார். எடுத்தார்களா என்று மத்தேயு எழுதவில்லை.